சேலையும் நம்ம உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடுகளில் சேலை கட்டிவிடுவது என் தொழில். விடியற்காலை முகூர்த்தத்துக்கு முன்னால், நான் பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு மடிப்பு எடுக்கும்போது, எதிரே நிற்கும் பெண்கள் மெதுவாகக் கேட்கும் கேள்விகள் இவை. பல பேர் மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்பார்கள். அந்தக் குரல் எனக்குப் பிடிப்பதில்லை. அதனால்தான் பதில்கள் சில இடங்களில் கொஞ்சம் சூடாக இருக்கும்.

நான் குண்டு. சேலை கட்டினால் இன்னும் குண்டாகத் தெரியுமா?

குண்டாக இருப்பவர் சேலை கட்டினாலும் சுடிதார் போட்டாலும் நைட்டியில் இருந்தாலும் குண்டாகத்தான் தெரிவார். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? சேலை ஐந்தரை மீட்டர் தைக்காத துணி. அதற்கு எஸ், எம், எல் கிடையாது. அக்கா கட்டியதைத் தங்கை கட்டலாம். பிள்ளை பெறுவதற்கு முன்னால் கட்டியதைப் பெற்ற பிறகும் கட்டலாம். தகராறு செய்பவை கூட வருகிற தைத்த சாமான்கள் இரண்டும்தான்: ப்ளவுஸும் உள்பாவாடையும். “எனக்குச் சேலை ஒத்துவராது” என்று சொன்ன பல பேருக்கு ப்ளவுஸை மட்டும் மாற்றித் தைத்ததும் ஒத்துவந்திருக்கிறது.

ஒல்லியாகக் காட்டும் சேலை எது?

கடையில் கேட்டால் உடனே சொல்வார்கள்: சின்ன பார்டர், அடர் நிறம், ஜார்ஜெட். கண்ணுக்கு ஓரளவு வித்தியாசம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இந்த அறிவுரையைப் பத்து வருஷம் கேட்டவரின் பீரோவைத் திறந்து பாருங்கள். முழுக்க கருநீலமும் கறுப்பும்தான். ஆசைப்பட்ட மாம்பழ மஞ்சள் ஒன்றுகூட இருக்காது.

என் கட்சி வேறு. உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி நூல் ஓட்டி, தறியிலேயே கோர்த்து நெய்கிற கோர்வைக் காஞ்சிபுரம், பெரிய உடம்பில்தான் நன்றாக விரிந்து தெரியும். ஒல்லியான பெண்ணுக்குக் கட்டும்போது பாதி வேலைப்பாடு கொசுவத்துக்குள் போய்விடும்.

துணியின் குணத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். புதுப் பட்டு விறைப்பாக விடைத்து நிற்கும். கஞ்சி போட்ட காட்டன் முதல் இரண்டு சலவை வரை வயிற்றருகே உப்பும், அப்புறம் அடங்கும். ஜார்ஜெட்டும் கிரேப்பும் உடம்போடு ஒட்டும். மென்பட்டும் மல் காட்டனும் சொன்ன பேச்சைக் கேட்கும். புதிதாகச் சேலை கட்டிப் பழகுபவர் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றை எடுத்தால் பாதிச் சண்டை மிச்சம்.

எனக்குக் கொசுவமே வருவதில்லை. நாலு மடிப்போடு துணி தீர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

இதை நீங்கள் கட்டத் தெரியாததால் வந்த குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவு 36 அங்குலம் உள்ளவருக்கு இரண்டு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். முந்தானைக்கு ஒன்றரை மீட்டர். மிச்சம் இரண்டு மீட்டருக்கு மேல். ஒரு மடிப்பு 25 சென்டிமீட்டர் துணியைத் தின்னும் என்றால் எட்டு மடிப்பு தாராளமாக வரும். 50 அங்குல இடுப்புக்கு இரண்டு சுற்றிலேயே இரண்டரை மீட்டர் போய்விடும். தோள், மார்பு கடந்து வருவதால் முந்தானைக்கும் கொஞ்சம் கூட வேண்டும். அப்புறம் ஐந்து மடிப்பு வந்தாலே பெரிது.

வழிகள் உண்டு. சேலையோடு சேர்ந்து வரும் ப்ளவுஸ் துணி உள்முனையில் இருந்தால் அதை வெட்டாமல் விட்டுவிடுங்கள். ஏறக்குறைய முக்கால் மீட்டர் கூடும். ப்ளவுஸுக்கு வேறு துணி எடுத்துக்கொள்ளலாம். உள்முனை வெளியே தெரியாது என்பதால் அதே நிறத்தில் ஒரு மீட்டர் காட்டன் துணியை அங்கே ஒட்டுப்போட்டுத் தைப்பதும் பழைய கைமுறைதான். வாங்கும்போதே நீளம் கேட்டு வாங்குங்கள். ப்ளவுஸ் துணி போக ஐந்தரை மீட்டரா, ப்ளவுஸோடு சேர்த்து ஐந்தரையா என்று கேட்டால்தான் சொல்வார்கள். தறிக்காரரிடம் நேராக ஆர்டர் கொடுக்க முடிந்தால் நீளம் கூட்டியே நெய்யச் சொல்லலாம். ஒன்பது கஜ மடிசார் எட்டு மீட்டருக்கு மேல் நெய்த ஊர் இது.

இன்னொன்று. வயிறு பெரிதாக இருந்தால் முன்பக்க விளிம்பு தூக்கிக்கொண்டு கணுக்கால் தெரியும். வயிற்றின் மேடு துணியை மேலே இழுப்பதால் வருவது. செருகும்போது முன்பக்கத்தை ஓர் அங்குலம் தாழ்த்தி விடுங்கள், சரியாகிவிடும். பாவாடையும் நேர் வெட்டாக இல்லாமல் ஆறு பீஸ் அல்லது எட்டு பீஸ் பாவாடையாக இருந்தால் நடை தடுக்காது.

ப்ளவுஸ் எந்த டெய்லரிடம் கொடுத்தாலும் கெடுத்துவிடுகிறார்கள். என் உடம்புதான் கோளாறா?

இல்லை. பெரும்பாலும் அளவெடுப்பில் கோளாறு.

நம்மூரில் “அளவு ப்ளவுஸ்” கொடுப்பதுதான் வழக்கம். அந்த அளவு ப்ளவுஸ் நாலு வருஷத்துக்கு முந்தையது. துவைத்துத் துவைத்துச் சுருங்கியது. ஏற்கெனவே பிடிக்காத ப்ளவுஸ்! அதைப் பார்த்துத் தைத்தால் அதே தப்புதான் புதுத் துணியில் வரும். உடம்பில் டேப் வைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எந்த உள்ளாடையைப் போடப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு போங்கள். மார்புச் சுற்று, மேல்மார்பு, இடுப்பு, தோள், கைக்குழி, மேல்கைச் சுற்று, தோளிலிருந்து மார்பு முனை வரை: இந்த ஏழும் எழுதிக்கொள்ளாத டெய்லரிடம் பட்டுத் துணியைக் கொடுக்காதீர்கள்.

பெரிய மார்புக்குத் தைக்கும்போது பல பேர் செய்வது, ப்ளவுஸை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெரிதாக்குவது. மார்பு 44 என்றால் தோளும் அதற்கேற்ப அகலமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இருக்காது. தோள் இறங்கி, கழுத்து நழுவி, நீங்கள் விழா முழுக்கத் தோளை இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். தோள் உங்கள் எலும்பின் அளவுக்கே இருக்க வேண்டும். மார்புக்கான இடம் டார்ட்டில், அதாவது துணியைக் கூராக மடித்துத் தைக்கும் பிடிப்பில் வர வேண்டும்; அல்லது முன்பக்கத்தைத் துண்டுகளாக வெட்டி மார்பு வளைவுக்கு ஏற்ப இணைக்கும் ‘பிரின்சஸ் கட்’, ‘கட்டோரி கட்’ முறைகளில் வர வேண்டும். இதைச் சொன்னால் முறைப்பார்கள். முறைக்கட்டும், சொல்லுங்கள்.

கை பிதுங்குகிறது என்று எல்லோரும் கையைக் குறை சொல்கிறார்கள். கையில் சதை இருக்கும்; அது கை. பிதுங்குவது கைக்குழி சின்னதாக வெட்டியதால். வாங்கும்போது டெய்லர் கடையிலேயே போட்டுப் பார்த்து, இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், பேருந்துக் கம்பியைப் பிடிப்பதுபோல. ப்ளவுஸ் மொத்தமாக மேலே ஏறினால் கைக்குழி சரியில்லை. உட்கார்ந்து பாருங்கள். நன்றாக மூச்சை இழுத்துப் பாருங்கள். கொக்கிகளுக்கு நடுவே வாய் பிளந்தால் இரண்டு கொக்கி கூட வைக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையில் உள்ளே சுருங்கி, நீங்கள் எடை போட்டுவிட்டதாக நினைத்து அழுவீர்கள். பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை அங்குலமாவது துணி விடச் சொல்லுங்கள். சேலையோடு வரும் துணி போதாவிட்டால் சங்கடமே படாமல் ப்ளவுஸுக்கென்றே வரும் டூ பை டூ ரூபியா காட்டனில் வேறு நிறம் எடுங்கள். நம் பாட்டிமார் பலர் அப்படித்தான் போட்டார்கள். மேட்சிங் ப்ளவுஸ் இல்லாததால் எந்தக் கல்யாணமும் நின்றதில்லை.

இடுப்பு மடிப்பு தெரிகிறதே?

தெரியும். உட்கார்ந்தால் எல்லோருக்கும் மடியும். வேண்டாம் என்றால் ப்ளவுஸை ஓர் அங்குலம் நீளமாகத் தைத்து, முந்தானையைப் பின்பக்கம் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். களை எடுப்பவரும் கட்டட வேலை செய்பவரும் அப்படித்தான் கட்டுகிறார்கள், வேலைக்கும் வசதி.

சேலைக்கான ஷேப்வேர் (உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பாவாடை) போடலாமா? பாவாடை நாடாவை இறுக்கினால்தான் நிற்கிறது.

ஷேப்வேர் பாவாடையை இரண்டு மணி நேர வரவேற்புக்கு, ஏசி மண்டபத்தில், உங்களுக்கே பிடித்துப் போட்டால் போடுங்கள். சித்திரை மாதம் காலை ஆறு மணி முதல் மதியச் சாப்பாடு வரை அதில் இருக்காதீர்கள். வியர்வை தங்கித் தொடையிடுக்கில் புண்ணும் பூஞ்சைத் தொற்றும் வரும். கழிப்பறை போவது தனிச் சிரமம் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். மணமேடையிலேயே மயங்கப் பார்த்த பெண்களை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

நாடா விஷயம் இன்னும் முக்கியம். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மெல்லிய கயிற்றை இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்து, தடித்து, வெடிக்கும். பெரும்பாலும் அதோடு நிற்கும். ஆனால் அப்படி வந்த ஆறாத புண் தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு இந்தியப் பெண்களைப் பற்றி 2024-இல் ‘பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்’ மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். அரிதுதான், பயப்பட வேண்டாம். இடுப்பில் ஆறாத புண் இருந்தால் மட்டும் களிம்பு தடவிக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கட்டும் இடத்தை அவ்வப்போது மேலும் கீழும் மாற்றுங்கள். சேலை நிற்பது நாடாவின் இறுக்கத்தால் மட்டும் அல்ல. கொசுவத்தைப் பாவாடையோடு சேர்த்து ஒரு பின் குத்தினாலே நிற்கும்.

கறுப்பாக இருப்பவருக்கு எந்த நிறச் சேலை எடுக்கலாம்?

அரக்கு, மயில்கழுத்து, கிளிப்பச்சை, கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம். பட்டியல் முடியாது. காஞ்சிபுரத்துச் சாயக்காரரும் மதுரைச் சுங்குடிக்காரரும் இந்த நிறங்களை எந்தத் தோலைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? தெருவில் நடந்த நம் தோலைப் பார்த்துத்தான். வெளிர் ரோஜாவும் கிரீமும் பிடித்தால் அவற்றையும் எடுங்கள். கடைக்காரர் “உங்க கலருக்கு இது எடுக்காதும்மா” என்றால் அந்தச் சேலையைத் தோளில் போட்டு, கடை வாசலுக்கு வந்து, வெயிலில் பாருங்கள். டியூப்லைட்டில் சேலை வாங்கக் கூடாது என்பது நிறத்துக்குச் சம்பந்தமில்லாத பொது விதி.

“கருப்பே அழகு, காந்தலே ருசி” என்று பழமொழி சொல்கிற அதே வாய்தான், பிள்ளை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூப் பால் காய்ச்சிக் கொடுக்கிறது. குங்குமப்பூவுக்குப் பிள்ளையின் நிறத்தில் ஒரு வேலையும் இல்லை. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் பெயரில் இருந்த ‘ஃபேர்’ என்பதை நீக்கியது. நிறம் குறைவு என்பதால் வேலை கிடைக்காது, வரன் கிடைக்காது என்று காட்டும் விளம்பரம் கூடாது என விளம்பரத் தர அமைப்பு 2014-லேயே நெறிமுறை வெளியிட்டது. சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்துக்கு நடிகை நந்திதா தாஸ் பிறகு முகமானார். இவ்வளவும் நடந்த பிறகும், வரன் விளம்பரத்தில் “சிவந்த நிறம்” என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கல்யாண மேக்கப்பில் வெள்ளையாக்கிவிடுகிறார்கள். எப்படித் தடுப்பது?

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பேசுங்கள். “என் கழுத்தும் முகமும் ஒரே நிறத்தில் இருக்கணும்” என்று ஒரே வாக்கியம். ட்ரையல் மேக்கப் கேளுங்கள். ஃபவுண்டேஷனைக் கையின் மேல்புறம் தேய்த்துப் பார்க்காமல் தாடையோரம் தேய்த்துப் பாருங்கள். தோலோடு கரைந்து காணாமல் போகும் ஷேடுதான் உங்களுடையது. “ரெண்டு ஷேடு கூட்டினாத்தான் போட்டோவில் வரும்” என்பார்கள். வராது. விளக்கை ஒழுங்காக வைத்தால் எல்லா நிறமும் போட்டோவில் வரும். கேமராக்காரரிடமும் ஆல்பத்தில் நிறத்தை வெளுக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் அவராகவே செய்துவிடுவார்.

கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைக்கச் சொல்லி வீட்டில் படுத்துகிறார்கள்.

பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். அதாவது சரியாகக் கல்யாண நேரத்தில். அன்றைக்கு ஹோமப் புகையில் உட்காரவும் தெம்பு வேண்டும். சர்க்கரை, தைராய்டு என்று உடம்புக்கு ஏதாவது தேவை இருந்தால் அது மருத்துவரோடு பேச வேண்டிய பேச்சு. முகூர்த்தத் தேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ப்ளவுஸின் கடைசி அளவை மட்டும் மூன்று வாரத்துக்கு முன்னால் எடுங்கள். “இளைத்துவிடுவேன்” என்று நம்பி ஓர் அங்குலம் குறைத்துத் தைக்கச் சொன்னவர்களுக்கு, விடியற்காலை நாலரை மணிக்கு நான்தான் உட்கார்ந்து தையல் பிரித்திருக்கிறேன்.

நான் ரொம்ப ஒல்லி. குச்சிக்குச் சேலை சுற்றியதுபோல இருக்கிறது என்கிறார்கள்.

இந்தக் கேலிக்கும் குறைவில்லை. கஞ்சி போட்ட செட்டிநாட்டுக் காட்டன் நன்றாக நிற்கும். மடிப்பை அகலமாக எடுங்கள், எண்ணிக்கை குறையும், முன்னால் துணி குவியாது. பேட் வைத்த ப்ளவுஸ் உங்களுக்காகவா, சொல்பவர்களுக்காகவா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுத் தையுங்கள்.

குள்ளமாக இருக்கிறேன், பெரிய பார்டர் கட்டலாமா?

கட்டலாம். இடுப்பில் மேல் விளிம்பை மடித்துச் செருகினால் உயரம் சரியாகிவிடும். ரொம்ப உயரமானவர்கள்தான் வாங்கும்போது அகலம் பார்க்க வேண்டும். 48 அங்குலத்துக்குக் குறைந்தால் கணுக்காலில் நிற்கும்.

மார்பக அறுவை சிகிச்சை முடிந்தது. சேலை கட்டப் பயமாக இருக்கிறது.

காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள். அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்க வாய்ப்பு உண்டு, அதனால் அந்தக் கை இறுகக் கூடாது. மென்மையான காட்டன் லைனிங், முன்பக்கக் கொக்கி, உள்ளே பேட் வைக்க ஒரு சின்னப் பை என்று டெய்லரிடம் சொல்லுங்கள். பெண் டெய்லரை வீட்டுக்கே வரச் சொல்லி அளவெடுப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. இடது பக்கம் என்றால் வழக்கமான முந்தானையே மூடிக்கொள்ளும். வலது பக்கம் என்றால் குஜராத்திக் கட்டு பாருங்கள். முந்தானை பின்னாலிருந்து வலது தோள் வழியாக முன்னால் வந்து விரியும். பேட் எதுவும் வேண்டாம், இப்படியே கட்டுகிறேன் என்று சொன்ன ஓர் அம்மாவுக்குக் கட்டிவிட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் கட்டியது அடர் சிவப்புக் கண்டாங்கி, தலை நிறையக் கனகாம்பரம்.

“இந்த உடம்போடு ஸ்லீவ்லெஸ்ஸா? நம்ம பண்பாடு என்ன ஆவது?” என்கிறார்கள்.

ஒல்லியான பெண் போட்டால் வராத பண்பாடு, கை பருத்த பெண் போட்டால் மட்டும் வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? இன்றைய ப்ளவுஸ், உள்பாவாடை சேர்ந்த கட்டு 19-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு பரவியது. வங்கத்தில் தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி அதைப் பரப்பியவர்களில் ஒருவர். செட்டிநாட்டிலும் மற்ற ஊர்களிலும் பின்கொசுவம் வைத்து, ப்ளவுஸே இல்லாமல் வாழ்ந்த ஆச்சிகளைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், இன்றைய குமரி மாவட்டப் பகுதிகளை உள்ளடக்கிய தென் திருவிதாங்கூரில், மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடி வாங்கிப் போராட வேண்டியிருந்தது. 1859-இல் அரச ஆணை வந்தபோதும், உயர்சாதிப் பெண்கள் அணிவதுபோல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. யார் எவ்வளவு மூட வேண்டும் என்பதை இங்கே அதிகாரம் உள்ளவர்கள்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். ஸ்லீவ்லெஸ் பிடித்தால் போடுங்கள், கைக்குழி மட்டும் சரியாக வெட்டியிருக்கட்டும்.

சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே சொன்னால் என்ன பதில் சொல்வது?

“என்னம்மா, வெயிட் போட்டுட்டியா?”

“ஆமா அத்தை. நீங்க பந்திக்குப் போயாச்சா?”

அவ்வளவுதான். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தைராய்டு, டயட், வாக்கிங் என்று அரை மணி நேரம் போகும். அத்தைகளைச் சமாளிக்கலாம், அம்மா சொல்வதுதான் சுருக்கென்று தைக்கும். “உனக்குக் கை தெரிஞ்சா நல்லாருக்காதுடி” என்று சொல்கிற அம்மாவுக்கு அவருடைய அம்மா சொன்னது அது. தனியாக இருக்கும்போது, “மண்டபத்துல எல்லார் முன்னாடியும் சொல்லாதம்மா, கஷ்டமா இருக்கு” என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சில அம்மாக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். எல்லோரும் அல்ல.

பதிமூன்று வயது மகள் பாவாடை தாவணி வேண்டாம் என்கிறாள். உடம்பைக் கேலி செய்வார்களாம்.

வற்புறுத்தாதீர்கள். யார் கேலி செய்தார்கள் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே ஒரு மாமாவோ பெரியம்மாவோ இருப்பார். மகளிடம் பேசுவதற்கு முன்னால் அவரிடம் பேசுங்கள்.

ஆண்களுக்கு இந்தக் கவலை இல்லையா?

உண்டு, வெளியே சொல்வதில்லை. தொப்பை உள்ளவருக்கு நாலு முழ வேட்டி சுற்றும்போது மேல்மடிப்பு குறைந்து, நடந்தால் விலகும். எட்டு முழம் கட்டினால் அந்தப் பயம் இல்லை. தொப்புளுக்குச் சற்றுக் கீழே கட்டி, மேலே அகல பெல்ட் போடலாம். வெல்க்ரோ வேட்டியும் தாராளமாக வாங்கலாம், கிண்டல் செய்பவர் இடுப்பிலும் அதுதான் இருக்கும். வேட்டிக்கு நம் மாநிலத்தில் சட்டமே காவல். 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தில், வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே ஆண்டு, பொது இடங்களில் அப்படித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று சட்டமன்றம் சட்டம் இயற்றியது.

கல்யாணப் பட்டு பத்திரமாக இருக்கிறது. ப்ளவுஸ்தான் பற்றவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். முதலில் உள்ளே திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். துணி விட்டிருந்தால் பிரித்து இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு அங்குலம் வரை எடுக்கலாம். பட்டில் பழைய ஊசித் துளை வரிசையாகத் தெரியும். கை அதை மறைத்துக்கொள்ளும். போதவில்லையா, பக்கவாட்டில் அதே நிறப் பட்டி வைத்து, கக்கத்தில் சதுரத் துண்டு ஒன்று சேர்த்தால் கையும் தாராளமாகிவிடும். அதுவும் முடியாவிட்டால் ப்ளவுஸின் கை பார்டரை மட்டும் பிரித்தெடுத்து, புதிதாகத் தைக்கும் ரூபியா ப்ளவுஸின் கையில் வைத்துத் தைக்கக் கொடுங்கள். தையல்கூலி கொஞ்சம் கூடும். ஆடி மாதம் டெய்லர்கள் கை ஓய்ந்திருக்கும்போது கொடுத்தால் பேசிக் குறைக்கலாம்.